வெயில் படாத கண்ணாடி

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்து. குக்கரின் இரண்டாவது விசிலுக்குப் பிறகு முன்னறைக்கு வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததால் நேரம் சரியாக நினைவிருக்கிறது. அடுத்ததாக ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். என் தங்கையின் கார் எங்கள் வீட்டு வாசலில் வெயிலில் நின்றிருந்தது. இந்தப் பக்கத்து முன்கதவின் கண்ணாடி கறுத்திருந்தது. பின்கதவின் கண்ணாடி தண்ணீர் போல வெளுத்திருந்தது. உள்ளே இருக்கையில் கிடந்த என் மகளின் துப்பட்டாகூடத் தெரிந்தது.

அந்தக் காரின் கதவுக் கண்ணாடிகள் நான்கும் ஒரே மாதிரி கறுக்க வேண்டியவை. தங்கையின் கணவர் பெங்களூரில் ஒரு கடையில் கொடுத்து மாற்றிய கண்ணாடிகள் அவை. வெயில் பட்டால் தானாகக் கறுக்கும், நிழலுக்கு வந்தால் கொஞ்ச நேரத்தில் தானாக வெளுக்கும். சுவிட்சு கிடையாது, ஒட்டும் தாளும் கிடையாது. எங்கள் தெருவில் அதை முதலில் கவனித்தவர் பக்கத்து வீட்டு பாஜிதான். உருது பேசும் அவரை, அக்கா என்ற பொருளில் தெருவே அப்படித்தான் கூப்பிடும். "உங்க தங்கச்சி வண்டிய பாரு, வெயில் வந்தா அதுவே கூலிங் கிளாஸ் போட்டுக்குது" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று இரவு எங்கள் பழைய ஸ்கூட்டரின் சீட்டில் இருந்த கிழிசலுக்கு டேப் ஒட்டினேன்.

அந்தக் கண்ணாடியை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அதன் காரணத்தைச் சொல்லாமல் இதை எழுதினால் பொய்யாகிவிடும்.

என் மகள் காட்பாடியில் கல்லூரியில் படிக்கிறாள். முதல் ஆண்டு விடுதியில் இருந்தாள். மஞ்சள் காமாலை வந்து பதினைந்து நாள் படுத்துவிட்டாள். காட்பாடியிலேயே இருக்கும் என் தங்கை, "இனிமே அவ எங்க வீட்லயே இருக்கட்டும்க்கா, நான் பத்தியமா செஞ்சு போடறேன்" என்றாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. நான் யோசித்தேன், கணவர் யோசிக்கவில்லை. "இன்னா யோசனை, சித்தி வீடுதானே" என்று பெட்டியைக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் மகள் எனக்கு. மற்ற நாளெல்லாம் தங்கைக்கு.

உடம்பு தேறியது. முகத்தில் ரத்தம் ஏறியது. அதற்குச் சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் அவள் வீட்டுக்கு வரும்போது அவள் துணியில் தங்கை வீட்டுச் சோப்பின் வாசனை வந்தது. சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, "சித்தி புளி கம்மியா போடுவாங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். அன்று முழுக்க எனக்கு எதுவும் இறங்கவில்லை.

கண்ணாடி மாற்றிய வாரம் அவர்கள் அவளை அமிர்திக் காட்டுக்கு அழைத்துப் போனார்கள். மகள் காருக்குள்ளிருந்து வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். காட்டு நிழலுக்குள் போன பிறகு கண்ணாடி மெல்ல மெல்ல வெளுத்து, மரங்களுக்குப் பச்சை திரும்பியது. "அம்மா, பாத்தியா, எங்க வண்டி" என்று அவள் குரல். வீடியோவின் கடைசியில் முன் இருக்கையிலிருந்து ஒரு கை பின்னால் நீண்டு, உரித்த ஆரஞ்சுச் சுளையை அவளிடம் கொடுத்தது. வளையலை வைத்துத் தங்கையின் கை என்று தெரிந்தது. அந்த வீடியோவைப் பல தடவை பார்த்தேன். கண்ணாடிக்காக ஒரு தடவையும் பார்க்கவில்லை.

அந்தக் கார் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, நான் வழக்கம்போலத் தெருமுனையில் போய் நின்றேன். மகள் வரும் ஞாயிறுகளில் அங்கேதான் நிற்பேன். கார் வந்து என் பக்கத்தில் நின்றது. உச்சி வெயில். கண்ணாடி முழுக்கக் கறுப்பு. மகள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று குனிந்து பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது. வியர்வையில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினேன், பவுடர் திட்டாக இருந்த இடத்தைத் துடைத்தேன், மறுபடி குனிந்தேன். அப்போது உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கதவு திறந்தது. "நீ முடிய சரி பண்ணிக்கிட்டத நாங்க பாத்துட்டே இருந்தோம்மா" என்றாள் மகள். தங்கையும் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

நாங்க என்றாள். அவர்கள் மூன்று பேரும் உள்ளே, நான் வெளியே. அவர்களுக்கு நான் தெரிந்தேன், எனக்கு அவர்கள் தெரியவில்லை. விளையாட்டுதான், எனக்கும் புரிந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு நான் தெருமுனைக்குப் போகவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று நான் செய்த தவறு அதிலிருந்து வந்தது.

பட்டப்படிப்பு முடித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தேன். அன்றிலிருந்து தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். என் மேசையில் நடப்பது ஜோடி பார்க்கிற வேலை. தைத்து முடித்த ஷூ மேல்தோல்கள் இடது வலதாக வரும். ஒரே தோலில் வெட்டாவிட்டால் இரண்டுக்கும் நிறம் ஒத்துவராது. கறுப்பிலேயே நீலம் ஓடிய கறுப்பு உண்டு, பழுப்பு ஓடிய கறுப்பு உண்டு. ட்யூப்லைட் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு பார்வை பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் இந்தக் கூடை, இல்லையென்றால் குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி அந்தக் கூடை.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த சூப்பர்வைசர் அம்மா முதல் நாளே ஒன்றைச் சொன்னார். "மொத பார்வைல தோணுனதுதான் சரி. ரெண்டாவது வாட்டி பாக்காத. பாத்தா கண்ணு பழகிப்போயி எல்லாம் ஒண்ணாதான் தெரியும்." எங்கள் பிரிவில் எல்லாரும் இப்படித்தான் வேலை பார்க்கிறோம். திரும்பிப் பார்க்கிறவளைக் கேலி செய்வோம். தோலைப் பொறுத்தவரை அது சரியான பாடம். ஏனென்றால் சாயமேற்றி முடித்த தோலின் நிறம் உங்கள் மேசையில் இருக்கும்போது மாறாது. இரண்டு நிறமென்றால் அவை இரண்டு தோல். அதற்கு வேறு விளக்கம் கிடையாது.

ஆகவே பதினொன்று பத்துக்கு அந்த ஜன்னலில் நின்று ஒரு பார்வை பார்த்தேன். முன்கண்ணாடி கறுப்பு, பின்கண்ணாடி வெள்ளை. ஜோடி சேரவில்லை. பின்கண்ணாடியை மாற்றியிருக்கிறார்கள். புதிதாக வாங்கிய கண்ணாடியை யாராவது சும்மா மாற்றுவார்களா? உடைந்திருக்க வேண்டும். பின் இருக்கையில் உட்காருகிறவள் என் மகள்.

இத்தனையும் ஒரு நொடியில் மனதில் ஓடியது. ஜன்னலை விட்டு வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் டிக்கியிலிருந்து பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். மகள் முதலில் வந்தாள். அவளுடைய இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்ன பிளாஸ்திரி.

"இன்னாடி இது?"

"ஒண்ணுமில்லம்மா. அலமாரி கதவு தெறந்திருந்துச்சு. எழுந்தேன், இடிச்சிடுச்சு."

"எப்ப?"

"வியாழக்கிழமை. சித்தி மருந்து போட்டாங்க."

தங்கை பின்னாலேயே வந்து, "மஞ்சள் வெக்கறேன்னேன், அதுக்கு இன்னா கூச்சல் போட்டா தெரியுமா" என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பே சாட்சியாகப் பட்டது. மறைப்பவர்கள்தான் கேட்காததற்கும் பதில் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை நடந்திருக்கிறது. மூன்று நாள் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு மணிவரை நான் எதுவும் கேட்கவில்லை. குழம்பைத் தாளித்தேன். அப்பளம் பொரித்தேன். மகள் சமையலறைக்கு வந்து, "ஏம்மா தெருமுனைக்கு வரல?" என்று கேட்டாள். "கோழி அடுப்புல இருக்குதுல்ல" என்றேன். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கை துடித்தது. தொடவில்லை. தங்கை மருந்து போட்ட இடம்.

ஐந்து பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். தங்கை மகளின் இலையில் ஈரலை எடுத்து வைத்தாள். ஈரல் எப்போதும் நான் வைப்பது. அதைப் பார்த்த பிறகு என்னால் அடக்க முடியவில்லை. தங்கையின் கணவரைப் பார்த்துக் கேட்டேன்.

"தம்பி, பின்கதவு கண்ணாடிய எப்ப மாத்துனீங்க?"

"எந்தக் கண்ணாடி அண்ணி?"

"இந்தப் பக்கத்துது. முன்னாடி இருக்கறதும் அதுவும் ஒரே லாட் இல்ல."

அவர் சிரித்தார். நல்ல மனிதர், எதையும் தமாஷாகவே எடுத்துக்கொள்வார். "போச்சு, எங்க வண்டி உங்க மேசைல ரிஜெக்ட் ஆயிடுச்சா? ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிடுங்க அண்ணி."

என் கணவரும் சேர்ந்துகொண்டார். "சகல, உங்களுக்கு பரவால்ல. எனக்கு கல்யாணம் ஆன அன்னிக்கே ஒட்டிட்டா."

மகள் சிரித்தாள். தங்கை சிரித்தாள். தெருமுனையில் நின்ற அன்று போலவே, நான் மட்டும் வெளியே நின்று குனிந்து பார்ப்பது போலிருந்தது.

"சிரிக்காதீங்க. எம்பொண்ண வெச்சுக்கிட்டு எங்கியோ இடிச்சிருக்கீங்க. கண்ணாடி உடைஞ்சிருக்குது. அவ நெத்தில அடி. மாத்திட்டு அலமாரி கதவுன்னு சொல்லச் சொல்லியிருக்கீங்க."

சிரிப்பு நின்றது. "அம்மா, இன்னா உளர்றே" என்றாள் மகள். கணவர், "ஏம்மா, சாப்புடும்போது இன்னா பேஜார் இது" என்றார்.

தங்கை மட்டும் அமைதியாகச் சொன்னாள். "அக்கா, அப்படி ஒண்ணு நடந்திருந்தா மொதல்ல உங்கிட்டதான் சொல்லியிருப்பேன்."

"நீ சொல்ல மாட்டே" என்றேன். "பெத்திருந்தா சொல்லியிருப்பே."

அந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை என்று பிறகு பலரிடம் சொன்னேன். உண்மையில் அது பல மாதமாக என் வாயில் தயாராக இருந்தது. காமாலையில் படுத்தவளை அவள் தேற்றிய நாளிலிருந்து இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

தங்கை இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோற்றில் குழம்பு ஊற்றியிருந்தாள், பிசையவில்லை. அவள் கணவர் எழுந்து கை கழுவப் போனார், குழாயை மூடாமலே நின்றார்.

மகள் எழுந்தாள். கையைக் கழுவினாள். பையை எடுக்கவில்லை, செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பக்கத்து வீட்டு பாஜியிடம் போய் உட்காருவாள் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து கோபம் வந்தால் அங்கேதான் போவாள்.

இரண்டு மணிக்கு பாஜியிடம் போய்க் கேட்டேன். "இங்க வரல பெஹன். இன்னா ஆச்சு?" என்றார். போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

எங்கள் ஊரில் தண்டவாளம் ஊருக்குள்ளேயே போகிறது. வீட்டிலிருந்து பார்த்தால் ரயில் தெரியாது, சத்தம் கேட்கும். அன்று கேட்ட ஒவ்வொரு ரயிலுக்கும் வாசலுக்குப் போய் நின்றேன். இப்போதும் மகளின் போன் அணைந்திருந்தால், அவள் வகுப்பில் இருக்கிறாள் என்று தெரிந்தே இருந்தாலும், நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன்.

தங்கையின் கணவர் கார் சாவியை எடுத்தார். "ஞாயித்துக்கெழம கடைத்தெருல வண்டி போகாது சகல, வாங்க" என்று என் கணவர் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். கடைத்தெரு, பேருந்து நிலையம், அவளுடைய பள்ளித் தோழியின் வீடு. ஒவ்வொரு இடத்திலிருந்தும் போன் வந்தது. இல்லை, இல்லை, இல்லை.

வீட்டில் நானும் தங்கையும் மட்டும். இலைகளை நான் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அவள் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, மகளின் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நிலையிலும் எனக்கு அந்தப் பையைப் பிடுங்க வேண்டும் போலிருந்தது என்றால் நம்புவீர்களா? என் குழந்தையைக் காணவில்லை. அவளுடைய பையை இன்னொருத்தி வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றே முக்காலுக்குக் கணவர் போன் செய்தார்.

"ஸ்டேஷன்ல இருக்கா. பிளாட்பாரத்து பெஞ்சுல."

"கூட்டிட்டு வாங்க."

"வர மாட்டேங்குறா. காட்பாடி பக்கம் போற வண்டி ரெண்டு போயிடுச்சு, அதுலயும் ஏறல. அடுத்ததுல ஏறினாலும் ஏறுவேங்கறா. விடுதிக்கே போயிடறேன், உங்க ரெண்டு வீட்டுக்கும் வரலேங்கறா."

"போன அவகிட்ட குடுங்க."

"குடுத்தேன். வாங்கல." குரலைத் தாழ்த்தினார். "சித்திகிட்ட அம்மா பேசற வரைக்கும் வர மாட்டாளாம். நான் அடுத்த பெஞ்சுல உக்காந்திருக்கேன். பக்கத்துல உக்கார விடல. சகல டீ வாங்கிட்டு வந்தாரு, அத மட்டும் குடிச்சா."

உயிர் வந்தது. அதோடு பிடிவாதமும் திரும்பி வந்தது. அவள் பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் நான் தவறாக எதுவும் சொல்லவில்லை என்று நிரூபிக்கத் தோன்றியது. வாயில் வந்த கடைசி வார்த்தை வேண்டுமானால் கூடுதல். கண்ணாடி மாற்றியது மாற்றியதுதான். தங்கையை இழுத்துப் போய்க் காட்டினால் ஒப்புக்கொள்வாள், பிறகு இருவரும் சமமாகிவிடுவோம். நான் மட்டும் குனிய வேண்டியிருக்காது.

வெளியே போனேன். வெயில் சாய்ந்திருந்தாலும் காரின் மேல் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. முன்கண்ணாடி கறுப்பு. பின்கண்ணாடி கறுப்பு. அந்தப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தேன். நான்கும் ஒரே கறுப்பு. ஒரே தோலில் வெட்டிய மாதிரி. எத்தனை முறை பார்த்தாலும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. சூப்பர்வைசர் அம்மா சொன்னது போலக் கண் பழகிவிட்டதோ என்று கண்ணை மூடித் திறந்துகூடப் பார்த்தேன்.

உள்ளே வந்து, தங்கையிடம் கேட்டேன். அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"காலைல பின்கண்ணாடி வெள்ளையா இருந்துச்சு. நான் பாத்தேன்."

"இருந்திருக்கும்."

"இப்ப கறுப்பா இருக்குது."

"இருக்கும்."

"எப்படி?"

அவள் பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "அவ அந்தக் கண்ணாடிய எறக்கி வெச்சிருந்தா. எறக்குனா கதவுக்குள்ள போயிடும். உள்ள வெயில் ஏது? வாசல்ல வந்து நின்னதும்தான் ஏத்துனா. ஏத்துன ஒடனே வெள்ளையாத்தான் இருக்கும். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் ஆகும் கறுக்கறதுக்கு. நீ அந்த நேரத்துல பாத்திருப்பே."

ஒரு நிமிஷம். நான் இன்னும் ஒரு நிமிஷம் அந்த ஜன்னலில் நின்றிருந்தால் அது என் கண் முன்னாலேயே கறுத்திருக்கும்.

"ஏசி வண்டில எதுக்கு எறக்குனா?" என்று கேட்டேன். அவள் சொன்னதில் இன்னும் எனக்கு ஒரு ஓட்டை தேவைப்பட்டது.

"உனக்காகத்தான்" என்றாள். "மொத வாட்டி நீ தெருமுனைல குனிஞ்சு குனிஞ்சு பாத்தியே. நாங்க சிரிச்சுட்டோம். நீ அதுக்கப்புறம் வந்து நிக்கறதில்ல. அவளுக்கு அது உறுத்துச்சு. இன்னிக்கு பைபாஸ்லேர்ந்து ஊருக்குள்ள திரும்பும்போதே எறக்கிட்டா. 'அம்மா நின்னா எம்மூஞ்சி தெரியணும் சித்தி'ன்னா. தலைய வெளிய நீட்டிக்கிட்டே வந்தா. இவரு திட்டிக்கிட்டே ஓட்டிட்டு வந்தாரு. முனைல நீ இல்ல."

எனக்கு உடனே குற்ற உணர்ச்சி வந்தது என்று எழுத ஆசை. வரவில்லை. முதலில் வந்தது பொறாமைதான். தலைமுடி காற்றில் பறக்க என்னைத் தேடிக்கொண்டு வந்த என் மகளின் முகத்தைப் பார்த்தவள் தங்கை. எனக்காக வைத்திருந்த முகத்தையும் அவளே பார்த்துவிட்டாள். அடுப்பில் கோழி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அதை அவளுக்கு விட்டுக்கொடுத்தவள் நான்.

அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது. மெதுவாக வந்தது.

சமையலறைக்குப் போனேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தேன். நின்றுகொண்டே சொன்னேன். "நான் சொன்னது தப்பு."

"எது? கண்ணாடி மாத்துனோம்னு சொன்னதா?"

"அது இல்ல."

அவள் காத்திருந்தாள். என்னால் அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்பது எப்படி என்றும் தெரியவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "பெத்திருந்தான்னு சொன்னேன்ல. அது."

"எனக்கு அது புதுசு இல்லக்கா" என்றாள். குரலில் கோபம் இல்லாததுதான் தாங்க முடியாமல் இருந்தது. "மாமியார் சொல்லுவாங்க. அவரோட அக்கா சொல்லுவாங்க. கல்யாண வீட்ல தெரியாதவங்க கூட சொல்லுவாங்க. உன் வாயிலேர்ந்து வராதுன்னு நெனச்சிருந்தேன். அவ்ளோதான்."

"நீ அவள நல்லா பாத்துக்கறே. அதனாலதான் வந்துச்சு" என்றேன்.

இப்படி ஒரு மன்னிப்பை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அன்று நான் சொன்னவற்றில் முழு உண்மை அது ஒன்றுதான். தங்கை என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆரஞ்சு உரிச்சு குடுத்தா, அவ அதுல பாதி உனக்குன்னு எடுத்து வெப்பா தெரியுமா. ஊருக்கு வர்றதுக்குள்ள அழுகிடும்னு நாந்தான் தின்ன வெப்பேன்" என்றாள்.

கணவருக்குப் போன் செய்தேன். "பேசிட்டேன்னு சொல்லுங்க."

அவர் போனை மூடாமலே மகளிடம் சொன்னார். "அம்மா பேசிடுச்சாம்." தூரத்தில் மகளின் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று புரியவில்லை. பின்னால் ஒரு ரயில் வரும் அறிவிப்பு. காட்பாடி வழியாகப் போகிற வண்டி. "இருங்க, கூப்புடறேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

அந்த ரயில் வந்து நின்று கிளம்பிப் போகும் சத்தம் எங்கள் முன்னறைவரை கேட்டது. நானும் தங்கையும் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள் என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். பிடித்தது அவளா நானா என்று இப்போதும் தெரியவில்லை.

போன் வரவில்லை. நான் செய்தேன், அவர் எடுக்கவில்லை. ஐந்து மணி. ஐந்து பத்து. தங்கை எழுந்து இலைகளை எடுத்து மடித்தாள். நான் தரையைத் துடைத்தேன்.

ஐந்து இருபத்தைந்துக்குத் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் நடந்தே வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு ஆண்களும் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஏறச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், மறுத்திருக்கிறாள், அவளை விட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு வர அவர்களுக்கு மனம் வரவில்லை.

அவள் வாசற்படியில் நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை. பிளாஸ்திரி ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. முதலில் சித்தியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ சித்திகிட்ட பேசிட்டதா அப்பா சொன்னாரு. தனியாதானே பேசியிருப்பே?" என்றாள். "அந்த வார்த்தைய எங்க எல்லார் முன்னாடியும்தான் சொன்னே. இப்ப அப்பா இருக்காரு, சித்தப்பா இருக்காரு, நான் இருக்கேன். இன்னொரு வாட்டி பேசும்மா. அதுக்கப்புறம் உள்ள வர்றேன்."